வங்கி வீட்டை ஜப்தி செய்ய வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கதவில் ஒருமுறை வங்கி நோட்டீஸ் ஒட்டியது. கட்ட வேண்டிய பணம் அப்போது எங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருந்தது. நாங்கள் அதிலிருந்து மீண்டு வந்தது தெரிந்தவர்களுக்கெல்லாம் பரவிய பிறகு, வாரத்துக்கு ஒருவராவது கையில் ஒரு கவரோடு வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. இது உங்கள் கையில் இருக்கும் காகிதம் என்ன, அடுத்து எந்தத் தேதி முக்கியம் என்று புரிந்துகொள்வதற்கு மட்டுமே. கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்திப் பழகிய ஒரு வக்கீலை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

சார், மூணு டியூதான் கட்டலை. அதுக்குள்ள வீட்டை எடுத்துடுவாங்களா?

உடனே எடுக்க முடியாது, ஆனால் அந்தப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வங்கி உங்கள் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். அதன் பிறகு, அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ் 60 நாள் நோட்டீஸ் வரும். அந்தக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் 13(4) பிரிவின்படி வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை. அப்புறம் ஏல அறிவிப்பு, ஏலம்.

ஒவ்வொரு கட்டத்திலும் வங்கி செய்தே ஆக வேண்டியவை சில, நீங்கள் செய்யக்கூடியவை சில. பெரும்பாலானவர்கள் முதல் 60 நாளைப் பயத்திலும் வெட்கத்திலும் கழித்துவிடுகிறார்கள். என்னிடம் வந்தவர்களில் வீட்டை இழந்தவர்கள் பலரும் அந்த 60 நாளில் ஒரு கடிதம்கூட எழுதாதவர்கள்.

கோர்ட்டுக்கே போகாம வங்கி எப்படிங்க வீட்டை விக்க முடியும்?

2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அடமானச் சொத்தை, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே, வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி கைப்பற்றி விற்கலாம். இதை எதிர்த்து நடந்த மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் கடன்தாரர் சொல்லும் ஆட்சேபணையை வங்கி பரிசீலித்துக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் வங்கி கேட்கும் பாக்கியில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்றிருந்த விதியையும் அதே தீர்ப்பு ரத்து செய்தது. இன்று நாம் எழுதும் ஆட்சேபணைக் கடிதத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

எங்களுக்குக் கடன் கொடுத்தது வங்கி இல்லை, ஃபைனான்ஸ் கம்பெனி. அவங்களுக்கும் இது பொருந்துமா?

அறிவிக்கை செய்யப்பட்ட வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குப் பொருந்தும். மற்ற வங்கியல்லாத நிதி நிறுவனமாக இருந்தால், அதன் சொத்து மதிப்பு 100 கோடி ரூபாயாவது இருக்க வேண்டும், உங்கள் கடன் 20 லட்சமாவது இருக்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வட்டிக்குக் கொடுக்கும் தனிநபருக்கு இந்த அதிகாரம் கிடையாது. அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பணம் கட்டாதது நாங்கதானே? அப்புறம் ‘தப்பான ஜப்தி’ன்னு எப்படிச் சொல்றது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நிமிர்ந்து கேளுங்கள். கடன் பாக்கி இருப்பது ஒன்று, வங்கி சட்டப்படி நடந்ததா என்பது வேறொன்று. பாக்கி உண்மையாகவே இருந்தாலும் நோட்டீஸ், பதில், விளம்பரம், மதிப்பீடு எல்லாம் விதிப்படி நடந்திருக்க வேண்டும். நடக்காவிட்டால் அந்த நடவடிக்கையைத் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம், கைப்பற்றிய வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம்.

சில நேரம் பாக்கியே தவறாக இருக்கும். எங்கள் விஷயம் அதுதான். எங்கள் சேமிப்புக் கணக்கு இருந்த வங்கி இன்னொன்றோடு இணைந்தபோது கிளைக் குறியீடு மாறியது. தவணையைத் தானாக எடுக்கும் ஏற்பாடு அதோடு அறுந்துபோனது. கடன் கொடுத்த வங்கி மாதம் இரண்டு முறை பணம் எடுக்கப் பார்த்து, எடுக்க முடியாத ஒவ்வொரு முறையும் 590 ரூபாயைக் கணக்கில் ஏற்றியது. பழைய கைப்பேசி எண்ணுக்குப் போன குறுஞ்செய்திகளை நாங்கள் பார்க்கவில்லை. மூன்று தவணை, 42,600 ரூபாய். அதற்காக முழுக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ்.

பதிவுத் தபால் வந்திருக்கு. கையெழுத்து போட்டு வாங்கலாமா, திருப்பி அனுப்பிடலாமா?

வாங்குங்கள். திருப்பி அனுப்பினால் நோட்டீஸ் வரவில்லை என்று ஆகிவிடாது. நீங்கள் தவிர்க்கிறீர்கள் என்று வங்கி எடுத்துக்கொண்டு, வீட்டுக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தால் விதிப்படி அது போதும். உங்களுக்கு மிஞ்சுவது, உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாத நிலை மட்டுமே.

வாங்கிய கவரைக் கிழித்துப் போடாதீர்கள். அதிலிருக்கும் தபால் முத்திரைத் தேதியும் உங்கள் கையில் கிடைத்த தேதியும் பிறகு பேசும். நான் கவரின் பின்பக்கத்திலேயே பென்சிலால் “கிடைத்தது” என்று எழுதித் தேதி போட்டு வைத்தேன். கடனில் இணைக் கடன்தாரராக மனைவியோ ஜாமீன்தாரராக அண்ணனோ இருந்தால், அவர்களுக்கும் தனித்தனியாக வந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ, மகன் பெயருக்கு மாற்றவோ கூடாது. அப்படிச் செய்யச் சொல்லும் ‘நல்லவர்கள்’ பேச்சைக் கேட்டால் வங்கி மீது உங்களுக்கு இருக்கும் நியாயமும் கெட்டுப்போகும்.

நோட்டீஸுக்குப் பதில் எழுதணும்னு சொல்றாங்க. என்ன எழுதறது? வக்கீல்தான் எழுதணுமா?

நீங்களே எழுதலாம், வெள்ளைத்தாளில், தமிழிலேயே. வக்கீல் எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் வக்கீல் கிடைக்கவில்லை என்று 60 நாளை விட்டுவிடாதீர்கள். 13(3ஏ) பிரிவின்படி உங்கள் ஆட்சேபணை கிடைத்த 15 நாளுக்குள் வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று காரணத்தோடு எழுத வேண்டும்.

எழுத வேண்டியது குறிப்பாக இருக்கட்டும். நோட்டீஸில் கேட்டிருக்கும் தொகை இவ்வளவு, எங்கள் கணக்குப்படி இவ்வளவு. இந்தத் தேதியில் கட்டிய இந்தத் தொகை வரவில் இல்லை. வாராக்கடன் ஆனதாகச் சொல்லும் தேதியில் 90 நாள் முடியவில்லை. இந்தக் கட்டணம் எதற்கு என்று விளக்குங்கள். கடன் தொடங்கிய நாளிலிருந்து முழுக் கணக்கு அறிக்கை தாருங்கள். இப்படி ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதி, ரசீது நகல்களை இணைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று.

வெறும் கெஞ்சல் கடிதம் எழுதாதீர்கள். புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், ஆட்சேபணைக்கு வங்கி பதில் சொல்வது கட்டாயம் என்றது. ஆனால் அந்தக் கடன்தாரர் திரும்பத் திரும்ப அவகாசம் கேட்டு, தருகிறேன் தருகிறேன் என்று சொல்லி வந்ததால், வங்கி பதில் எழுதாததைக் காட்டி அவரால் தப்ப முடியவில்லை. அவகாசம் வேண்டுமென்றால் கேளுங்கள், ஆனால் ஆட்சேபணைகளை எழுதி முடித்த பிறகு கடைசிப் பத்தியில்.

கணக்கு தப்பா இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க என்ன ஆடிட்டரா?

ஆடிட்டர் வேண்டாம், ஒரு ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் போதும். கணக்கு அறிக்கையில் ஸ்கேலை வரிவரியாக இறக்கிக்கொண்டே, நீங்கள் கட்டிய ஒவ்வொரு தவணையும் அதே தேதியில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பற்று வரிகளை மட்டும் மறுபடி பாருங்கள்: காப்பீட்டுப் பிரீமியம், ஆய்வுக் கட்டணம், சட்டச் செலவு, தவணை திரும்பிய கட்டணம். எங்கள் அறிக்கையில் அந்த 590 மட்டும் ஆறு வரி இருந்தது. என் தங்கைதான் அவற்றை வட்டமிட்டாள்.

அபராதத்தையும் பாருங்கள். தவறிய தவணைக்கு வட்டி விகிதத்தின் மேல் அபராத வட்டி ஏற்றக் கூடாது, நியாயமான அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம், அதையும் அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதலும், பழைய கடன்களுக்கு 2024 ஜூன் இறுதிக்குள்ளும் அது நடைமுறைக்கு வந்தது.

நடுவுல ரெண்டு டியூ கட்டிட்டோம். அப்ப வாராக்கடன்லேர்ந்து வெளிய வந்துட்டோம்ல?

இல்லை. ஒருமுறை வாராக்கடன் ஆகிவிட்டால், அசலிலும் வட்டியிலும் இருக்கும் நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு தவணை பாக்கி இருந்தாலும் திரும்பாது. ஆகவே கையில் பணம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதைவிட, நிலுவை முழுவதற்கும் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, அதை மொத்தமாகக் கட்டப் பாருங்கள்.

சிவில் கோர்ட்ல ஸ்டே வாங்கிடலாம்னு ஒருத்தர் சொல்றாரு. சரியா?

பெரும்பாலும் சரியில்லை. சர்ஃபேசி நடவடிக்கையில் தலையிட சிவில் நீதிமன்றத்துக்குத் தடை இருக்கிறது (34ஆம் பிரிவு). நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. நீங்கள் போக வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம், பேச்சுவழக்கில் டி.ஆர்.டி. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இருக்கிறது. வீடு எந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேயே மனுப் போடலாம்.

கெடு 45 நாள். 13(4) நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து கணக்கு. தப்பான நீதிமன்றத்தில் நாளைக் கழித்துவிட்டு 46ஆம் நாள் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வந்தபோது சொல்ல வார்த்தை வரவில்லை. (சிவில் நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய அபூர்வ நிலைமை ஒன்று உண்டு. போலிக் கையெழுத்து பற்றிய கேள்வியில் பாருங்கள்.)

டி.ஆர்.டி.க்குப் போகணும்னா பாதிக் கடனைக் கட்டிட்டுத்தான் போகணுமாமே?

இந்த வதந்தியால் எத்தனையோ பேர் போகாமலே இருந்துவிட்டார்கள். முதல் மனுவுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, கட்டணம் மட்டும்தான். கடன் பாக்கி 10 லட்சத்துக்குக் கீழ் என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய். 10 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250, உச்சவரம்பு ஒரு லட்சம். 22 லட்சம் பாக்கி என்றால் 8,000 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி.

பாதி கட்ட வேண்டும் என்பது மேல்முறையீட்டுக்கு. டி.ஆர்.டி. தீர்ப்பு எதிராக வந்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளுக்குள் போனால் பாக்கியில் 50 சதவீதம் கட்ட வேண்டும், அதை 25 வரை குறைக்கலாம். டி.ஆர்.டி.யிலேயே இடைக்காலத் தடை கேட்கும்போது ஒரு தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை போடுவது வழக்கம். புரட்டக்கூடிய பணத்தை அதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. ஆனா நாங்க இன்னும் உள்ளதான் இருக்கோம். இப்பவே கேஸ் போடலாமா?

போடலாம், போட வேண்டும். ஒட்டியது 60 நாள் நோட்டீஸ் இல்லை, 13(4) பிரிவின் கைப்பற்றல் நோட்டீஸ் என்றால், அது காகித அளவிலான கைப்பற்றுதல். வெளியேற்றிய பிறகுதான் வழக்கு என்று முன்பு சில நீதிமன்றங்கள் சொன்னதுண்டு. ஹிண்டன் ஃபோர்ஜ் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கதவில் ஒட்டிய கட்டத்திலேயே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றது. மேலே சொன்ன 45 நாள் இங்கேயே ஓடத் தொடங்குகிறது.

அவமானமாக இருக்கிறது என்று அதைக் கிழிக்காதீர்கள். எங்கள் அம்மா கோலம் போட வெளியே வந்தவர், அதைப் பார்த்ததும் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு அந்த நாளின் செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்தேன். ஒட்டிய 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் வர வேண்டும். வந்ததா, எந்தத் தேதியில் என்று எடுத்து வையுங்கள்.

கலெக்டர் உத்தரவோட போலீஸ் வந்தா என்ன பண்றது?

14ஆம் பிரிவின்படி வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுக் கொடுத்து, வீட்டைக் கைப்பற்ற உதவி பெறலாம். உத்தரவின் நகலைக் கேளுங்கள், வந்தவர்களின் பெயர், பதவி எழுதிக்கொள்ளுங்கள். கைகலப்பு வேண்டாம், அது வழக்கை வேறு திசைக்குத் திருப்பிவிடும். பிள்ளைகளின் சான்றிதழ், மருந்து, நகையை முதலில் எடுங்கள். உள்ளே விட வேண்டியிருக்கும் பொருள்களுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

உத்தரவு இல்லாமல் வசூல் ஆட்கள் வந்து மிரட்டினால் அது வேறு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. காவல் நிலையத்திலும் வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ஏல விளம்பரம் வந்துடுச்சு. இப்ப முழுப் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தா வீடு திரும்புமா?

இந்த இடத்தில்தான் சட்டம் மிகக் கடுமையாக மாறியிருக்கிறது. முன்பு விற்பனை முடியும்வரை பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு 13(8) பிரிவின்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுப் பாக்கியையும் செலவோடு கட்டியிருக்க வேண்டும். பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஊரில் பழைய விதியையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏலத்தன்று காலையில் பணத்தோடு போகலாம் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அறிவிப்பு வெளியான பிறகும் வழி அடியோடு அடைபடவில்லை. அறிவிப்பே விதிப்படி இல்லையென்றால் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். முதல் ஏலத்துக்குக் கடன்தாரருக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அது கட்டாயம் என்று 2014இல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஏலம் கேட்க ஆளில்லாமல் மறுபடி நடத்தினால் 15 நாள் போதும்.

பாதி விலைக்கு வித்துட்டாங்க. கேட்க முடியாதா?

விற்கும் முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு வாங்கித்தான் குறைந்தபட்ச விலை வைக்க வேண்டும். அந்த அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயப் பத்திர நகல் ஒன்று கையில் இருந்தால், குறைவு என்று வாயால் சொல்வதைவிட அது பலமானது. கடனும் செலவும் போக மீதி இருந்தால் அது உங்கள் பணம். கேட்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள். அதேபோல விற்ற பணம் போதாவிட்டால் மீதிக்கு வங்கி உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

எங்களுது விவசாய நிலம். அதை எடுக்க முடியாதுன்னு சொல்றாங்களே?

விவசாய நிலத்தின் மேல் உள்ள அடமானத்துக்கு சர்ஃபேசி பொருந்தாது, உண்மைதான். ஆனால் பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையிலேயே விவசாயம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். பயிர் விவரத்தோடு அடங்கல், விதை, உரம் வாங்கிய ரசீது, மின் இணைப்பு, நிலத்தின் படங்கள் என்று சேருங்கள். வங்கிக்கு மற்ற சட்ட வழிகள் அப்போதும் இருக்கும். இந்தக் குறுக்குவழி மட்டும் அடைபடும்.

பதினஞ்சு வருஷமாக் கட்டியாச்சு, கொஞ்சம்தான் பாக்கி. இதுக்குமா வீட்டை எடுப்பாங்க?

பாக்கித் தொகை, அசலும் அதன் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் சர்ஃபேசி நடவடிக்கை கூடாது, 31ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. தேவையற்ற கட்டணங்களைக் கழித்தால் இந்த வரம்புக்குள் வந்துவிடும் கணக்குகள் உண்டு. ஆகவே முன்பு சொன்ன சிவப்புப் பேனா வேலையை முடித்துவிட்டு இதைக் கணக்கிடுங்கள்.

மேனேஜர் ‘பத்து லட்சம் கட்டுங்க, முடிச்சுக்கலாம்’னு வாயால சொன்னார். கட்டலாமா?

எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இப்படி ஒரு தொகையை மொத்தமாகக் கட்டிக் கடனை முடிக்கும் ஒரே தவணைத் தீர்வு கடன்தாரரின் உரிமை இல்லை, வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மேனேஜர் நல்ல மனதோடுகூடச் சொல்லியிருப்பார். அடுத்த மாதம் அவர் மாற்றலாகிப் போனால், புதியவர் உங்கள் பத்து லட்சத்தை வட்டியில் வரவு வைத்துவிட்டு ஏலத்தைத் தொடர்வார்.

கடிதத்தில் தொகை, கெடு, கட்டியதும் நடவடிக்கையைத் திரும்பப் பெறுவது, பத்திரம் தருவது நாலும் இருக்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவு சொல்கிறது. 2023 டிசம்பர் முதல் அது நடப்பில் உள்ளது.

நான் கடனே வாங்கலை. என் கையெழுத்தைப் போலியாப் போட்டு என் வீட்டை அடமானம் வச்சிருக்காங்க!

முதலில் வில்லங்கச் சான்று போட்டு, எந்த ஆவணம், எந்தத் தேதியில் பதிவானது என்று பாருங்கள். அடுத்த நாளே காவல் துறையில் புகார், வங்கிக்கு நகலோடு கடிதம். சர்ஃபேசி நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட யார் வேண்டுமானாலும் டி.ஆர்.டி.க்குப் போகலாம், கடன்தாரராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் வீடு யாருடையது என்ற கேள்வியைத் தீர்க்க வேண்டியது சிவில் நீதிமன்றம். 2025 ஜனவரியில் பிரபா ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சொத்துரிமையை முடிவு செய்யும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை, அதற்கு சிவில் வழக்குச் செல்லும் என்றது. சிவில் கோர்ட் பற்றிய கேள்வியில் விட்டுவைத்த அபூர்வ நிலைமை இதுதான். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போக வேண்டியிருக்கலாம், வக்கீலோடு பேசி முடிவெடுங்கள்.

அப்பா இறந்துட்டார். நோட்டீஸ் இன்னும் அவர் பேருக்கே வருது. நாங்க என்ன செய்யணும்?

பேசாமல் இருக்காதீர்கள். இறப்புச் சான்றிதழின் நகலோடு, வாரிசுகள் யார் யார், அவர்களின் முகவரி என்ன என்று வங்கிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் இறந்தவர் பெயருக்கே நோட்டீஸ் அனுப்பிக்கொண்டு மேலே போனால், அது உங்கள் கையில் ஒரு வலுவான ஆட்சேபணை.

அதோடு அப்பாவின் கடன் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, கடன் கொடுத்த முதல் மாதத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பல வீட்டுக்கடன்களில் கடன்தாரர் உயிருக்கு ஒரு காப்பீட்டையும் சேர்த்து விற்றிருப்பார்கள், பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருப்பார்கள். ஒரு பெண் தன் அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது அந்த வரியை நாங்கள் இரண்டாம் பக்கத்தில் கண்டுபிடித்தோம். பாலிசி எண் அதே வரியில் இருந்தது. வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாது. அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதமும், அதன் நகலை வைத்து வங்கிக்கு ஆட்சேபணைக் கடிதமும் எழுதி, இரண்டையும் ஒரே தபால் நிலையத்தில் பதிவு செய்து அனுப்பினோம்.